அந்த நடுக்கோடு

நேயர்களுக்கு வணக்கம். மகளிர் கூடைப்பந்து உலகக்கோப்பையைப் பற்றிப் பேச எனக்குப் பத்து நிமிடம் கொடுத்திருக்கிறார்கள். எழுபது ஆண்டுக்கு மேற்பட்ட கதை. எந்த ஆண்டு யார் ஜெயித்தார்கள் என்று வரிசையாக ஒப்பித்தால் மூன்றே நிமிடத்தில் முடித்துவிடலாம். நீங்களும் வேறு அலைவரிசைக்குப் போய்விடுவீர்கள். அதனால் நான் ஒரு கோட்டிலிருந்து ஆரம்பிக்கிறேன். ஆடுகளத்தை இரண்டு பாதியாகப் பிரிக்கிற அந்த நடுக்கோடு. பள்ளிக்கூட நாளில் கார்டாக, அதாவது பந்தைத் தட்டி முன்னே கொண்டுபோகிறவளாக, ஆடியவள் நான். அன்றிலிருந்து அந்தக் கோட்டின்மேல் எனக்கு ஒரு கண். கொஞ்சம் கோபம் என்றும் வைத்துக்கொள்ளலாம்.

கண்ணை மூடிக்கொண்டு ஒரு வீட்டை நினைத்துப் பாருங்கள். வண்டி ஓட்டிக்கொண்டே கேட்கிறவர்கள் மட்டும் தயவுசெய்து மூட வேண்டாம். வீட்டில் சமையலறையில் மூன்று பேர், கூடத்தில் மூன்று பேர், நடுவில் நிலைப்படி. சமையலறைக்காரர் கூடத்துக்கு வரக் கூடாது, கூடத்துக்காரர் சமையலறைக்குள் போகக் கூடாது. பாத்திரத்தை நிலைப்படியில் நின்றபடி கைமாற்றிக் கொடுக்கலாம். காலை எடுத்து அந்தப் பக்கம் வைத்தால் தப்பு. அமெரிக்காவில் பல பத்தாண்டுகள் பெண்கள் கூடைப்பந்து ஆடியது இந்த மாதிரிதான்.

அணிக்கு ஐந்து பேர் என்பதுதான் நமக்குத் தெரிந்த ஆட்டம். அங்கே பெண்களுக்கு ஆறு பேர். மூன்று பேர் கூடையில் பந்து போடுகிறவர்கள், மூன்று பேர் தடுக்கிறவர்கள். இவர்கள் அந்தப் பாதிக்கு வர மாட்டார்கள், அவர்கள் இந்தப் பாதிக்கு வர மாட்டார்கள். பந்தைத் தட்டிக்கொண்டு போவதற்கும் கணக்கு. இரண்டு மூன்று தட்டு, அதற்கு மேல் கிடையாது. யோசித்துப் பாருங்கள், தடுப்புப் பக்கம் நிற்கிற பெண் ஒரு வருடம் முழுக்க ஆடியும் ஒரு தடவைகூடக் கூடையை நோக்கிப் பந்தை எறிந்திருக்க மாட்டாள். என்னைப் போன்ற கார்டுகளுக்கு இதைக் கேட்டால் வயிறு எரியும்.

இதன் தொடக்கம் ரொம்பப் பழையது. ஜேம்ஸ் நெய்ஸ்மித் 1891இல் அமெரிக்காவின் ஸ்பிரிங்ஃபீல்டில் கூடைப்பந்தைக் கண்டுபிடித்தார். சில மாதங்களுக்குள்ளேயே, அங்கிருந்து அதிக தூரமில்லாத ஸ்மித் கல்லூரியில் செண்டா பெரென்சன் என்ற உடற்பயிற்சி ஆசிரியை அதைத் தம் மாணவிகளுக்குக் கற்றுக்கொடுத்தார். பெண்கள் ஓடிக் களைத்துவிடுவார்கள், முட்டி மோதுவது பெண்களுக்கு அழகில்லை என்றெல்லாம் ஊர் பேசிய காலம். அவர் களத்தை மூன்றாகப் பிரித்துக் கோடு போட்டார். அவரவர் பகுதிக்குள்ளேயே ஆட வேண்டும், அடுத்தவர் கையிலிருந்து பந்தைப் பிடுங்கக் கூடாது. 1893இல் நடந்த ஆட்டத்தைப் பார்க்க ஆண்களுக்கு அனுமதியே கிடையாது. பெரென்சனைத் திட்ட எனக்கு மனசு வரவில்லை. அந்தக் கோடுகளைப் போட்டிருக்காவிட்டால் அந்தப் பெண்களை ஆடவே விட்டிருக்க மாட்டார்கள். அன்றைக்குக் கதவைத் திறந்துவிட்ட கோடு, அறுபது வருடம் கழித்தும் அழியாமல் இருந்ததுதான் என் வருத்தம்.

சரி, உலகப் போட்டிக்கு வருவோம். ஆண்களுக்கு 1950இல் அர்ஜென்டினாவில் தொடங்கிய உலகச் சாம்பியன்ஷிப், பெண்களுக்கு 1953இல் சிலி நாட்டுத் தலைநகர் சாந்தியாகோவில் தொடங்கியது. பத்து அணிகள். இங்கே விதி சர்வதேச விதி: ஐந்து பேர், முழுக் களம். ஊரில் பாதிக் களத்தில் ஆடிப் பழகிய அமெரிக்கப் பெண்கள் வந்து முழுக் களத்தில் ஓடினார்கள். ஓடி ஜெயிக்கவும் ஜெயித்தார்கள்! சொந்த மண்ணில் ஆடிய சிலியை 49-36 என்று வென்றார்கள். இன்றைக்கு இரண்டு கால் பகுதி முடிவதற்குள்ளேயே ஒரு நல்ல அணி 49 எடுத்துவிடும். ஆனால் அப்போது பந்தை இத்தனை வினாடிக்குள் எறிந்தாக வேண்டும் என்ற விதி சர்வதேச ஆட்டத்தில் வரவில்லை. பந்தைக் கையிலேயே வைத்துக்கொண்டு நேரத்தை ஓட்டலாம்.

1957இல் ரியோவில் அமெரிக்கா மறுபடியும் ஜெயித்தது. சோவியத் யூனியனை 51-48 என்று, மூன்றே புள்ளியில். அதற்கடுத்து 1959இல் மாஸ்கோவில் நடந்தபோது அமெரிக்கா போகவே இல்லை. சோவியத் பெண்கள் ஜெயித்தார்கள். அடுத்து 1964, 1967, 1971, 1975 என்று, அதையும் சேர்த்துத் தொடர்ந்து ஐந்து பட்டங்கள். அவர்கள் ஊரில் சிறுமியாக இருக்கும்போதே முழுக் களம்தான், கோடு கிடையாது. அமெரிக்கா? 1967இல் பிராகில் பதினோரு அணிகள் ஆடின. அமெரிக்காவுக்கு எந்த இடம் தெரியுமா? பதினொன்று.

கடைசி இடம், நேயர்களே. கூடைப்பந்தைக் கண்டுபிடித்த நாட்டுக்கு. இதற்குப் பல காரணம் சொல்லலாம். பணம், பயிற்சி, அரசு ஆதரவு எல்லாம்தான். ஆனால் நான் சுற்றிச் சுற்றி அந்தக் கோட்டுக்குத்தான் வருவேன். வருடம் முழுக்கப் பாதிக் களத்தில் ஆடிவிட்டு, நான்கு வருடத்துக்கு ஒருமுறை முழுக் களத்தில் ஓடு என்றால் கால் எப்படிப் போகும்? 1971 வாக்கில்தான் அங்கே பெண்களுக்கு ஐவர் ஆட்டம் அதிகாரபூர்வமானது. அதற்குப் பிறகும் அயோவா மாநிலப் பள்ளிகள் 1993 வரை, ஓக்லஹோமா 1995 வரை, ஆறு பேர் ஆட்டத்தை விடவில்லை. நியாயமாகப் பார்த்தால் அயோவாவில் அந்த ஆட்டத்துக்குக் கூட்டம் அலைமோதும். ஊரே கொண்டாடிய ஆட்டம் அது. கொண்டாட்டத்தை நான் குறை சொல்லவில்லை. என் கோபம் கோட்டோடு மட்டும்தான்.

அதே 1967 பிராக் போட்டியில் இன்னொரு விஷயம் நடந்தது. இரண்டாம் இடம் தென் கொரியா. அந்தப் போட்டியின் மிகச் சிறந்த ஆட்டக்காரர் பார்க் ஷின்-ஜா, தங்கம் வாங்கிய அணியில் இல்லாதவர். உயரம் 176 சென்டிமீட்டர். ஆடிய இடமோ சென்டர், கூடைக்குக் கீழே உயரமானவர்கள் நிற்கிற இடம். தன்னைவிடத் தலை உயர்ந்தவர்கள் நடுவில் நின்று அவர் பந்தை எடுத்திருக்கிறார். கொரியாவில் இன்றும் அவர் பெயரில் ஒரு கோப்பைப் போட்டி நடக்கிறது. 1975இல் கொலம்பியாவில் ஜப்பான் இரண்டாம் இடம் பிடித்தது. உயரமில்லாத அணி என்ன செய்யும்? ஓடும். எதிராளி திரும்புவதற்குள் அந்தக் கூடைக்குப் போய்விடும். கோடு போட்ட களத்தில் இது நடக்குமா? பாருங்கள், மறுபடியும் கோட்டுக்கே வந்துவிட்டேன்.

உயரம் என்றதும் உல்யானா செம்யோனோவாவைச் சொல்லாமல் போக முடியாது. லாட்வியாக்காரர், ஏறத்தாழ ஏழடி. பதினெட்டு வருடம் சோவியத் அணிக்கு ஆடினார்; அதிகாரபூர்வ சர்வதேசப் போட்டி ஒன்றில்கூட அவர் தோற்றதில்லை. அந்த அணியின் பயிற்சியாளரும் ஒரு பெண்தான், லிதியா அலெக்செயெவா. 1962லிருந்து 1984 வரை பொறுப்பில் இருந்தார். அவருக்கும் தோல்விக் கணக்கு பூஜ்யம். பெண்கள் ஆட்டத்துக்கும் ஆண் பயிற்சியாளர்தான் வேண்டும் என்று வாதாடுகிறவர்களிடம் நான் இந்தப் பெயரைச் சொல்லிவிட்டுச் சும்மா இருந்துவிடுவேன்.

1979இல் சியோலில் நடந்தபோது சோவியத் அணி வரவில்லை, அமெரிக்கா ஜெயித்தது. வராதவர்களை ஜெயித்ததாகச் சொல்ல முடியாதல்லவா? 1983இல் சாவ் பாவ்லோவில் இரண்டும் நேருக்கு நேர் மோதின. சோவியத் 84, அமெரிக்கா 82. மூன்று வருடம் கழித்து, 1986இல், மாஸ்கோவிலேயே இறுதிப் போட்டி. அமெரிக்கா 108, சோவியத் 88. பாதிக் களத்தைப் பார்க்காமலே வளர்ந்த தலைமுறை அது. ஷெரில் மில்லர் போன்றவர்கள். இருபது புள்ளி வித்தியாசம், எதிராளியின் சொந்த ஊரில்!

பதினோரு போட்டி வரைக்கும் தங்கம் இந்த இரண்டு நாட்டுக்குள்ளேயேதான் சுற்றியது. பன்னிரண்டாவது 1994, சிட்னி. அரையிறுதியில் பிரேசில் அமெரிக்காவை 110-107 என்று வீழ்த்தியது. ஓர்டென்சியா, பவுலா, ஜானெத் என்று மூன்று பேர். ஓர்டென்சியாவும் பவுலாவும் உள்ளூர்க் கிளப் ஆட்டங்களில் பரம எதிரிகள். நாட்டுக்காக ஒரே பக்கம் நின்றார்கள். இறுதியில் சீனா, அங்கே இரண்டு மீட்டருக்கு மேல் உயரமான ஜெங் ஹைஷியா. பிரேசில் 96-87. என்னைக் கேட்டால் இந்த வரலாற்றிலேயே ஒரு ஆட்டத்தை நேரில் பார்க்கலாம் என்றால் அந்த அரையிறுதியைத்தான் கேட்பேன். இரண்டு பக்கமும் நூறைத் தாண்டி, மூன்று புள்ளியில்...

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நிலைய நண்பர் இரண்டு விரலைக் காட்டுகிறார். இரண்டு நிமிடம்தானாம். எழுதி வந்ததில் இரண்டு பக்கம் மீதி இருக்கிறது. ஓடிவிடுகிறேன்.

2006இல் ஆஸ்திரேலியா ஜெயித்தது. நான்காவது சாம்பியன் நாடு, இதுவரை கடைசியும்கூட. அதற்குப் பிறகு 2010, 2014, 2018, 2022 நான்கும் அமெரிக்காவுக்கு, மொத்தம் பதினொன்று. 2018இல்தான் உலகக்கோப்பை என்ற பெயர் வந்தது. அந்த ஆண்டு நைஜீரியா காலிறுதிக்குப் போனது, ஆப்பிரிக்காவிலிருந்து முதல் அணி. தலையை மூடிக்கொண்டு ஆடக் கூடாது என்ற விதியைப் பற்றி நிறையப் பேச நினைத்தேன். அதனால் 2014 ஆசிய விளையாட்டில் கத்தார் பெண்கள் ஆடாமலே திரும்பினார்கள். 2017இல் விதி மாறியது. அதுவும் ஒரு கோடுதான், களத்துக்கு வெளியே போட்ட கோடு. இதற்கே தனியாகப் பத்து நிமிடம் வேண்டும். நிலையத்தார் கேட்டுக்கொண்டிருப்பார்கள் என்று நம்புகிறேன்.

ஒரு விரல் காட்டிவிட்டார். லாரன் ஜாக்சன் ஒருவரை மட்டும் சொல்லிவிடுகிறேன். 2006இல் ஜெயித்த ஆஸ்திரேலிய அணியில் இருந்தவர். முழங்கால் காயத்தால் 2016இல் ஆட்டத்தை விட்டார். 2022இல், 41 வயதில், திரும்பி வந்தார். போட்டி மறுபடியும் சிட்னியில். வெண்கலத்துக்கான ஆட்டம், எதிரே கனடா. முப்பது புள்ளி எடுத்தார். வெண்கலம் ஆஸ்திரேலியாவுக்கு. நேரமாகிவிட்டது, வணக்கம்.