படிக்கத் தக்கது கால்நடை மருத்துவமே

நடுவர் ஐயா அவர்களுக்கும், வேலை நாளின் களைப்போடு வந்து அமர்ந்திருக்கும் பெற்றோருக்கும், முன்வரிசையில் இருக்கும் பிளஸ் டூ பிள்ளைகளுக்கும் வணக்கம்.

"பிளஸ் டூ முடிக்கும் பிள்ளைகள் குறிவைக்க வேண்டியது கால்நடை மருத்துவமா, காவல் துறையா?" என்பது தலைப்பு. கால்நடை மருத்துவமே என்று பேச வந்திருக்கிறேன். எனக்கு முன் பேசிய எதிரணித் தலைவர் மனுநீதிச் சோழனைக் கையோடு கூட்டி வந்தார். திருவாரூர் வீதியில் தேர்க்காலில் கன்றை இழந்த பசு ஆராய்ச்சி மணியை அடித்தது, மன்னன் பெற்ற மகனையே தேர்க்காலில் இடத் துணிந்தான், ஆகவே வாயில்லா ஜீவனுக்கும் சட்டமே துணை என்றார். நல்ல கைதட்டல் வாங்கினார்.

ஐயா, கதையை அவர் பாதியில் நிறுத்திவிட்டார். மன்னன் தீர்ப்புச் சொன்னான், கன்று எழுந்ததா? எழவில்லை. பசு நீதியை வாங்கிக்கொண்டு கன்றில்லாமல்தான் நின்றது. கடைசியில் இறைவன் காட்சி கொடுத்த பிறகுதான் கன்று உயிர்பெற்றது என்று கதை சொல்கிறது. அந்தத் தாய்க்கு வேண்டியிருந்தது கன்று. இன்று நம் ஊர்த் தொழுவத்தில் ராத்திரி பதினொரு மணிக்கு ஒரு மாடு சாய்ந்தால் யாருக்குப் போன் போடுகிறோம் என்பதிலிருந்து என் வாதத்தைத் தொடங்குகிறேன்.

எங்கள் தெருவில் ஓர் அக்கா இருக்கிறார். வீட்டுக்காரர் இல்லை. கலப்பின மாடுகள் இரண்டு, சொசைட்டிக்கு ஊற்றும் பால் காசில்தான் பிள்ளைகள் படிப்பு. கன்று போட்ட மறுநாள் அதில் நல்ல கறவை மாடு படுத்துவிட்டது. தலையை விலாப்பக்கம் மடித்து வைத்துக்கொண்டு, காது சில்லிட்டு, கண் சொருகிக் கிடக்கிறது. பக்கத்து ஊர் டாக்டர் பைக்கில் வந்தார். காதைத் தொட்டார், மாட்டின் கழுத்து வளைந்திருந்த விதத்தைப் பார்த்தார். "ஏனுங்க டாக்டர், பொழைச்சுக்குங்களா?" என்று கேட்டார் அக்கா. "கன்னு போட்ட வேகத்துல சுண்ணாம்புச் சத்தெல்லாம் பாலுக்கு எறங்கிப் போச்சுங்க அக்கா. பயப்படாதீங்க" என்றார் டாக்டர்.

கழுத்து ரத்தக் குழாயில் ஊசியைச் செருகி, கால்சியம் பாட்டிலை ஒரு பையன் கையில் கொடுத்துத் தூக்கிப் பிடிக்கச் சொன்னார். மருந்து ஏறி முடியும் வரை ஸ்டெதஸ்கோப்பை மாட்டின் நெஞ்சிலிருந்து எடுக்கவே இல்லை. வேகமாக ஏற்றினால் இதயம் நின்றுவிடும், அதனால் துடிப்பைக் கேட்டுக் கேட்டு வேகத்தைக் குறைத்து ஏற்ற வேண்டும். கொஞ்ச நேரத்தில் மாட்டின் உடம்பு நடுங்கியது. ஏப்பம் விட்டது. சாணி போட்டது. பிறகு முன்காலை ஊன்றி, பின்காலை உதறி எழுந்து நின்றது. அந்த வீட்டின் மாத வருமானம் எழுந்து நின்றது, நடுவர் அவர்களே! அந்தப் பாட்டிலைத் தூக்கிப் பிடித்த பையன் இப்போது என் வகுப்பில் உயிரியல் படிக்கிறான். அவன் போன்ற பிள்ளைகளுக்காகத்தான் இந்த மேடையில் பேசுகிறேன்.

"மாட்டு டாக்டர் காப்பாற்றுவது ஒரு வீட்டை, போலீஸ் காப்பாற்றுவது ஊரை" என்றார் எதிரணியின் இரண்டாவது பேச்சாளர். வெக்கை நோய் என்று ஒன்று இருந்ததை நம் தாத்தா பாட்டிகள் அறிவார்கள். நுழைந்த ஊரில் பட்டி பட்டியாக மாடுகளைக் காலி செய்யும். ஏர் நின்றால் விதைப்பு நிற்கும், விதைப்பு நின்றால் பஞ்சம். அதற்கு மருந்து தேடித்தான் 1889-ல் புனேயில் ஓர் ஆய்வுக்கூடம் தொடங்கினார்கள். 1893-ல் அது குமாவுன் மலையில் இருக்கும் முக்தேசுவருக்குப் போனது. 1920-களில் அங்கே வெள்ளாட்டு உடலில் கிருமியை வீரியம் குறைத்துத் தடுப்பூசி கண்டார்கள். அதன் பிறகு ஊர் ஊராக ஊசி. 2006-ல் இந்தியா அந்த நோயிலிருந்து விடுபட்ட நாடானது. 2011-ல் உலகமே விடுபட்டதாக அறிவித்தார்கள். பெரியம்மைக்கு அடுத்து மனிதகுலம் அடியோடு ஒழித்த இரண்டாவது நோய் அது! இந்த அரங்கில் இருக்கும் பிள்ளைகளுக்கு அதன் பெயரே தெரியவில்லை என்றால், அதற்குக் காரணம் கால்நடை மருத்துவர்கள்.

வெறிநாய்க்கடியை எடுத்துக்கொள்ளுங்கள். ரேபிஸ் அறிகுறி தெரிந்துவிட்டால் பிழைப்பது மிக மிக அரிது. உலகத்தில் ஆண்டுக்குச் சுமார் 59,000 பேர் சாகிறார்கள், அதில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் நம் நாட்டில் என்பது உலகச் சுகாதார அமைப்பு சொல்லும் கணக்கு. மனிதருக்கு வரும் ரேபிஸில் கிட்டத்தட்ட எல்லாமே நாய்க்கடியால் வருவது. நாய்களில் நூற்றுக்கு எழுபதுக்குத் தடுப்பூசி போட்டால் பரவும் சங்கிலி அறுந்துவிடும். அந்த ஊசி ஒழுங்காகப் போய்ச் சேரப் பொறுப்பேற்கிறவர் கால்நடை மருத்துவர். கடிபடாத அந்தக் குழந்தைக்குத் தன்னைக் காத்தவர் யார் என்று ஒருநாளும் தெரியப்போவதில்லை. நாமக்கல் முட்டை வாரம் ஐந்து நாள் சத்துணவுத் தட்டில் விழுகிறதே, அதற்குப் பின்னால் கோழிப்பண்ணையில் கழிச்சலையும் பறவைக் காய்ச்சலையும் கண்காணிக்கும் கண்ணும் அவர்களுடையதுதான்.

எதிரணியினர் சட்டத்தைப் பற்றி நிறையப் பேசினார்கள். நானும் சட்டத்துக்கே வருகிறேன். பங்காளித் தகராறில் ஒருவர் மாட்டுக்கு இன்னொருவர் விஷம் வைத்துவிட்டார் என்று ஸ்டேஷனுக்குப் புகார் வருகிறது. குற்றவியல் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 325-ஆவது பிரிவில் எஃப்.ஐ.ஆர். போடலாம். போட்ட பிறகு? மாடு விஷத்தில் செத்ததா, அடைப்பான் (ஆந்த்ராக்ஸ்) நோயில் செத்ததா என்று இன்ஸ்பெக்டர் எப்படிச் சொல்வார்? அடைப்பானாக இருந்தால் அறுத்துப் பார்ப்பதே ஆபத்து, மனிதருக்கும் தொற்றும். அறுக்கலாமா கூடாதா என்பதைக்கூட டாக்டர்தான் முடிவு செய்ய வேண்டும். முதுமலையில் யானைகளோடு வாழ்ந்த கால்நடை மருத்துவர் டாக்டர் வி. கிருஷ்ணமூர்த்தி, அழுகிப்போன யானை உடல்களைக்கூட விடாமல் பிரேதப் பரிசோதனை செய்தவர். காட்டில் ஒரு யானை நோயில் செத்ததா, தோட்டாவில் செத்ததா என்று தெரிந்தால்தான் வேட்டைக்காரன் மேல் வழக்கு நிற்கும். துப்பாக்கி ஏந்தியவர்கள் கத்தி ஏந்திய கால்நடை மருத்துவர்களின் அறிக்கைக்காகத்தான் காத்திருக்க வேண்டும்.

காவல் துறையை நான் குறைத்துப் பேசமாட்டேன். 1992-ல் சென்னை ஆயிரம் விளக்கில் தமிழ்நாட்டின் முதல் அனைத்து மகளிர் காவல் நிலையம் வந்த பிறகு, சொல்ல முடியாத கொடுமைகளைச் சொல்லப் பெண்களுக்கு ஒரு படி கிடைத்தது. அங்கே நிற்கும் காக்கிச்சட்டைப் பெண்களுக்கு என் வணக்கம். கால்நடை மருத்துவத்திலும் கஷ்டம் உண்டு, பிள்ளைகளிடம் அதை மறைக்கக் கூடாது. ஐந்தரை ஆண்டுப் படிப்பு, அதில் கடைசி ஓராண்டு உள்ளிருப்புப் பயிற்சி. மாடு உதைக்கும். நஞ்சுக்கொடி எடுக்கக் கையை உள்ளே விடும்போது புரூசெல்லா என்ற கிருமி தொற்றிப் பல மாதம் காய்ச்சலில் கிடந்த மருத்துவர்கள் உண்டு. பொம்பளைப் பிள்ளைக்கு இந்த வேலை எதற்கு என்று இன்றும் கேட்கிறார்கள். வயிற்றில் குறுக்கே கிடக்கும் கன்றைத் திருப்ப வேண்டியது உடல்பலம் அல்ல, பக்குவம் என்பதை ஒரு முறை பக்கத்தில் நின்று பார்த்தவர்கள் அப்படிக் கேட்பதில்லை.

இனி பெற்றோருக்கு. காவலர் தேர்வுக்குப் பத்தாம் வகுப்பு போதும். எஸ்.ஐ. தேர்வுக்கு ஏதாவதொரு பட்டம் போதும். குரூப் 1 எழுதி டி.எஸ்.பி. ஆகவும், யு.பி.எஸ்.சி. எழுதி ஐ.பி.எஸ். ஆகவும் ஏதாவதொரு பட்டம் போதும். யு.பி.எஸ்.சி. விருப்பப் பாடங்களில் கால்நடை மருத்துவ அறிவியலே ஒன்றாக இருக்கிறது. இந்தப் படிப்பு முடித்து, இருபத்து மூன்று வயதில், "அம்மா, எனக்குக் காக்கிதான் பிடித்திருக்கிறது" என்று பிள்ளை சொன்னால் அப்போதும் போகலாம். கால்நடை மருத்துவத்துக்கு அப்படி இல்லை. பிளஸ் டூவில் இயற்பியல், வேதியியல், உயிரியல் படித்திருக்க வேண்டும். மாநில ஒதுக்கீட்டு இடங்களுக்கு நீட் கூடக் கேட்பதில்லை, பிளஸ் டூ மதிப்பெண்ணே கணக்கு. இந்த வருடம் அந்த மதிப்பெண்ணோடு நிற்கும் பிள்ளையை "நாலு வருஷம் கழிச்சு பாத்துக்கலாம்" என்று வேறு பக்கம் திருப்பினால், நான்கு வருடம் கழித்து இந்த வாசலுக்குத் திரும்பி வருவது லேசாக இருக்காது.

மணி அடித்துவிட்டார்கள், ஐயா. அடுத்து வரும் எதிரணிப் பேச்சாளர் என் ஒரே கேள்விக்குப் பதில் சொல்லிவிட்டுத் தொடங்கட்டும்: இந்தக் காக்கி எனக்கு ஒத்துவரவில்லை என்று முப்பது வயதில் உணரும் ஓர் எஸ்.ஐ., அந்த அக்கா வீட்டு மாட்டை எழுப்பும் கைக்கு எந்த வழியில், எத்தனை வருடத்தில் வந்து சேர்வார்?