ஒரே சேற்றில் கரையும் கடலும்

அவையோர் அனைவருக்கும் வணக்கம்.

கடலடிச் சேற்றில் கிடக்கும் மகரந்தத்தைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். பூவில் இருந்தது அங்கே எப்படிப் போனது என்று கேட்பீர்கள். ஆறும் காற்றும்தான் கொண்டுபோகின்றன. காட்டில் உதிர்ந்தது மழைநீரோடு ஓடையில் இறங்கி, வண்டலோடு வண்டலாகக் கடலுக்கு வந்து அடியில் படிகிறது. உள்ளே இருக்கும் உயிர்ப்பொருள் அழுகிவிடும், வெளிச்சுவர் மட்டும் நிற்கும். ஸ்போரோபொலெனின் என்ற பொருளால் ஆன சுவர் அது. ஆய்வகத்தில் ஹைட்ரோகுளோரிக் அமிலம் ஊற்றிச் சுண்ணாம்பைக் கரைக்கிறார்கள்; ஹைட்ரோஃபுளோரிக் அமிலம் ஊற்றி மணலையே கரைக்கிறார்கள். அத்தனைக்கும் அந்தச் சுவர் அசைவதில்லை. அதன் மேலுள்ள துளைகளையும் முள்களையும் வைத்து, எந்தச் செடியின் குடும்பம், சில சமயம் எந்தப் பேரினம் என்று சொல்லிவிடலாம்.

சரி, ஏரியிலும் சதுப்பிலும்கூட மகரந்தம் கிடைக்கிறதே? 1916இல் சுவீடன் நாட்டு நிலவியலாளர் லெனார்ட் ஃபான் போஸ்ட் தன் மகரந்த வரைபடங்களை முதன்முதலில் அவையில் காட்டியபோது, அவை சுவீடன் சதுப்புகளிலிருந்து வந்தவைதானே? பிறகு எதற்குக் கடல்?

காரணம் இதுதான். ஏரி மண்ணில் காட்டின் கதை இருக்கிறது, கடல் மண்ணில் கடலின் கதை இருக்கிறது. இரண்டுக்கும் தனித்தனியே காலம் கணித்துப் பொருத்தும்போது சில நூறு ஆண்டுகள் பிசகினால் போதும், எது முந்தி எது பிந்தி என்பதே தலைகீழாகிவிடும். கடற்சேற்றிலோ ஒரே கரண்டி மண்ணில் மகரந்தமும் இருக்கிறது, அன்றைய கடல்நீரின் நிலையைச் சொல்லும் ஃபொராமினிஃபெரா என்ற நுண்ணிய கடலுயிர்களின் ஓடுகளும் இருக்கின்றன. கரையும் கடலும் ஒன்றாகச் சாட்சி சொல்கின்றன. இந்தத் துறையின் உயிர் இதில்தான் இருக்கிறது என்று நான் நினைக்கிறேன்.

போர்ச்சுகலுக்கு அப்பால், அட்லாண்டிக்கில், 1995இல் மரியோன் டுஃப்ரேன் என்ற பிரெஞ்சுக் கப்பல் ஒரு நீண்ட சேற்று உருளையை எடுத்தது. எம்.டி.95-2042 என்று அதற்குப் பெயர். அதன் ஓடுகளை நிக்கலஸ் ஷாக்கிள்டன் ஆராய்ந்தார், மகரந்தத்தை மரியா ஃபெர்னாண்டா சாஞ்செஸ் கோன்யி ஆராய்ந்தார். கடைசிப் பனியூழியில் வட அமெரிக்கப் பனிப்பாளங்கள் உடைந்து, பனிமலைகள் கூட்டம் கூட்டமாக அட்லாண்டிக்கில் மிதந்து வந்த காலங்கள் உண்டு. ஹைன்ரிக் நிகழ்வுகள் என்பார்கள். உருகும்போது அவை தாம் சுமந்துவந்த கற்பொடியைக் கடலில் உதிர்த்தன. அந்தப் பொடி கிடக்கும் அதே அடுக்கில் ஓக் மரத்தின் மகரந்தம் வீழ்ந்து, ஆர்ட்டிமீசியா போன்ற வறள்நிலச் செடிகளின் மகரந்தம் ஏறுகிறது. (நம் மருக்கொழுந்தும் ஆர்ட்டிமீசியாதான்.) பனிமலைகள் மிதந்த காலத்தில், போர்ச்சுகல் வழியாகக் கடலில் கலக்கும் டேகஸ் நதியின் படுகையில் காடு சுருங்கி, அரைப்பாலை விரிந்திருக்கிறது. கடல் வெதுவெதுப்பானதும் ஓக் திரும்புகிறது. ஒரே அடுக்கில் இருப்பதால், எது முந்தி என்ற வாதத்துக்கே இடமில்லை.

ஆனால் பனியும் காடும் எப்போதும் சேர்ந்தே நடப்பதில்லை. கடைசிப் பனியூழிக்கு முந்தைய வெப்பக் காலத்தின் முடிவில், துருவப் பக்கம் பனி வளரத் தொடங்கிய பிறகும் ஸ்பெயினும் போர்ச்சுகலும் அடங்கிய ஐபீரியாவில் காடு சில ஆயிரம் ஆண்டுகள் நின்றது. அதைக் காட்டியதும் இதே சேறுதான்.

மகரந்தத்தை எண்ணுவதில் கவனம் வேண்டும். பைன் மகரந்தத்துக்கு இரண்டு காற்றுப் பைகள் உண்டு. மிதந்துகொண்டே வெகுதூரம் போகும். பைன் நிறைய இருக்கிறது என்பதால் பைன் காடு இருந்தது என்று சொல்லிவிட முடியாது. அதனால் பெரும்பாலும் அதைத் தனியாக வைத்தே விழுக்காடு போடுகிறார்கள்.

எவ்வளவு பின்னால் போக முடியும்? அண்டார்க்டிகாவின் வில்க்ஸ் லேண்ட் கரைக்கு வெளியே துளையிட்டு எடுத்த, 5 கோடி ஆண்டுக்கும் மேற்பட்ட சேற்றில் பனைக் குடும்பத்து மகரந்தம் இருந்தது. இலவமரம் சேர்ந்த துணைக்குடும்பத்தின் மகரந்தமும் இருந்தது. 2012இல் அது வெளியானது. உறைபனி தாங்காத மரங்கள் அங்கே நின்றிருக்கின்றன.

நம் பக்கத்துக்கு வருவோம். கர்நாடகத்தின் கார்வார் கடலில் எடுத்த சேற்றைப் புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனத்தின் குளோத் கராத்தினி குழுவினர் ஆராய்ந்து 1994இல் எழுதினார்கள்: சுமார் 3500 ஆண்டுகளுக்கு முன்பிருந்து அங்கே ஈரப்பதம் குறைந்திருக்கிறது. இப்படிச் சொல்ல, நம் ஊர் மரங்களின் மகரந்தத்தை முதலில் ஒருவர் அடையாளம் கண்டு வைத்திருக்க வேண்டும். அதே நிறுவனத்தில் அந்த வேலையைச் செய்தவர் கணபதி தணிகைமொழி என்ற தமிழர்... மன்னிக்கவும், தணிகைமணி. 1986இல் கராச்சியில் கடத்தப்பட்ட பான் ஆம் விமானத்தில் அவர் உயிரிழந்தார். அலையாத்திக் காட்டு மகரந்தங்கள் பற்றிய அவர் நூல் மறு ஆண்டு வந்தது. அவர் பெயரைச் சத்தமாகச் சொல்ல வேண்டும் என்பதற்காகவே இங்கே சொல்கிறேன்.

அப்புறம் ஓர் ஆசை. காவிரிமுகத்துக்கு வெளியே படிந்த சேற்றை இப்படி அடுக்கடுக்காக எண்ண வேண்டும். குடகு மலைக்காடு தென்மேற்குப் பருவமழையில் வளர்வது, கடலோரப் புதர்க்காடு வடகிழக்குப் பருவமழையை நம்புவது. இரண்டின் மகரந்தத்தையும் காவிரி ஒரே இடத்தில்தான் கொண்டுவந்து கொட்டியிருக்கும். ஒன்று ஓங்கியபோது மற்றது தளர்ந்ததா, இரண்டும் சேர்ந்தே தளர்ந்தனவா என்று அந்தச் சேற்றிடமே கேட்கலாம்.