பூட்டிய வீட்டின் சாவி
(மானிப்பாயில், அந்திமகாலப் பராமரிப்பு இல்லம் அமைப்பதற்கான ஊர்க்கூட்டத்தில் ஆற்றிய உரை)

தலைமை வகிக்கும் ஓய்வுபெற்ற அதிபர் ஐயா அவர்களே, பிரதேச செயலாளர் அம்மா அவர்களே, பங்குத்தந்தை அவர்களே, கோயில் தர்மகர்த்தா சபையினரே, மண்டபத்தை வாடகையின்றித் தந்த சனசமூக நிலையத்தாரே, மதியத்திலிருந்து கதிரை அடுக்கிய தம்பிமாரே, தாய்மாரே, அனைவருக்கும் வணக்கம். இரவுக் கடமை முடித்து, நித்திரை கொள்ளாமல் வந்து விளக்கேற்றிய வைத்தியர் அம்மாவுக்குத் தனியாக என் நன்றி.

மூன்று விடயங்கள் பேச வந்தேன்: வலி, வீடு, பணம். மாற்ற முடியாத நோயிலும் வலியைத் தணிக்கலாம், மோர்பின் மருந்துக்கு வீணாகப் பயப்பட வேண்டாம் என்று வைத்தியர் அம்மா விளக்கிவிட்டார். ஆகவே நேராக வீட்டுக்கு வருகிறேன்.

என் பெரியம்மாவுக்கு ஈரலில் புற்றுநோய். வைத்தியசாலையில் சுவரோரக் கட்டில் கிடைத்தது. என்னைக் கண்டதும் அவர் கேட்டது மருந்தைப் பற்றியல்ல. "தம்பி, இங்கேயிருந்து கிணற்றடி தெரியாதா?" என்றார். "இனிச் செய்வதற்கு ஒன்றுமில்லை, வீட்டுக்குக் கொண்டுபோங்கள்" என்றார்கள். கொண்டுவந்தோம். விறாந்தையில் கட்டில் போட்டோம். கிணற்றடி தெரிந்தது, வாழைக்குலை தெரிந்தது. பக்கத்து வீட்டு அக்கா ஒடியற்கூழ் கொண்டுவந்தார். பெரியம்மாவால் விழுங்க முடியவில்லை. கிண்ணத்தை முகத்தருகே பிடிக்கச் சொல்லி, மணத்தை மட்டும் இழுத்துவிட்டு, "உப்புக் கொஞ்சம் குறைவு" என்றார். அக்கா அழுதபடியே சிரித்தார்.

பகலெல்லாம் அப்படி. இரவு வேறு. பிள்ளைகள் மூவரும் ரொறன்ரோவில். இங்கே நான் ஒருவன். ஆறாம் நாள் இரவு இரண்டு மணிக்கு வலி கூடியது. பெரியம்மா கட்டில் சட்டத்தைப் பற்றிய பிடியில் விரல் மூட்டுகள் வெளுத்திருந்தன. எந்த மருந்தை எவ்வளவு கொடுக்கலாம் என்று கேட்க ஆளில்லை. ஓலை விசிறியால் விசிறிக்கொண்டே இருந்தேன். ஓட்டோ ஏதாவது வருமா என்று படலையடிக்கு ஓடினேன். எதிரே நாற்சார் வீடு. ஆறு அறைகள், நடு முற்றம், நல்ல தண்ணீர்க் கிணறு. பதினொரு வருடப் பூட்டு. அந்த நேரத்தில் அந்த வீட்டில் ஒரு தாதி இருந்திருந்தால்! ஒன்பதாம் நாள் பெரியம்மா போய்விட்டார். நான் இன்றும் அந்தப் படலையடியில்தான் நிற்கிறேன்.

ஊர் கூடித்தான் தேர் இழுக்க வேண்டும். எந்த மேடையிலும் நான் சொல்வது இதுதான். 1848இல் இதே மானிப்பாயில் கிறீன் வைத்தியர் தொடங்கிய வைத்தியசாலையை நாம் அறிவோம். மூளாயில் நம்மவர்கள் கூட்டுறவாகச் சேர்ந்து ஒரு வைத்தியசாலையையே நடத்திக் காட்டினார்கள். லண்டனில் சிசிலி சோண்டர்ஸ் அம்மையார் அந்திமகால நோயாளிகளுக்காக 1967இல் திறந்த இல்லத்தின் கதையையும் கேளுங்கள். 1948இல் அவர் பராமரித்த ஒரு நோயாளி, போலந்திலிருந்து வந்த யூதர், 500 பவுண் பணத்தை விட்டுச்சென்றார். "உங்கள் இல்லத்தில் நான் ஒரு யன்னலாக இருப்பேன்" என்றார். யன்னல் முதலில் வந்தது. கட்டடம் எழும்பப் பத்தொன்பது வருடங்கள் சென்றன.

நமக்கு அத்தனை வருடம் காத்திருக்கத் தேவையில்லை. யன்னலும் இருக்கிறது, சுவரும் இருக்கிறது, கூரையும் இருக்கிறது. பூட்டுத்தான் தடை. எத்தனை ஒழுங்கைகளில் கறையான் தின்னும் வீடுகள்! பெருமூச்சு விட்டுக்கொண்டு அவற்றைக் கடந்துபோவதை நிறுத்துவோம். காணி வாங்கிக் கட்டுவோம் என்று சொல்பவர்களை நான் மதிக்கிறேன். ஆனால் அதற்கிடையில் எத்தனை பேர் சுவரைப் பார்த்தபடி போய்விடுவார்கள்? வீட்டு உறுதி உங்கள் பெயரிலேயே இருக்கட்டும். ஐந்து வருடத்துக்கு வீட்டை இந்தப் பராமரிப்பு இல்லத்துக்கென நொத்தாரிசு முன்னிலையில் எழுதித் தாருங்கள். "செத்த வீடாகிவிடும், விலை போகாது" என்று சிலர் தயங்குகிறார்கள். நம் அம்மா, அப்பா, பாட்டன், பூட்டன் எல்லோரும் வீட்டில்தானே கண் மூடினார்கள்? அந்த வீடுகளில் நாம் கலியாணம் செய்யவில்லையா?

ஊர் கூடித் தேர் இழுக்கும்போது வடத்தைப் பிடிக்க முடியாதவர் சக்கரத்துக்குக் கட்டை போடுவார். சமைக்கத் தெரிந்தவர், வாகனம் ஓட்டத் தெரிந்தவர், இரவில் விழித்திருக்கக் கூடியவர், எல்லோரும் வேண்டும். பணத்தைப் பற்றிப் பொருளாளர் பேசுவார்.

வாசல் மேசையில் ஒரு கொப்பி வைத்திருக்கிறோம். பூட்டிக் கிடக்கும் வீடு எந்த ஒழுங்கையில், சாவி யாரிடம் என்று எழுதுங்கள். ரொறன்ரோவில் இப்போது காலை, எல்லோரும் எழும்பியிருப்பார்கள். மண்டபத்தை விட்டுப் போகுமுன் ஒரு அழைப்பு எடுத்துக் கேளுங்கள்.