முதலில் போய் ஒப்புரவாகு

அன்பான நேயர்களே, வணக்கம்.

விசுவாச வாழ்க்கை என்றதும் ஜெபம், வேதவாசிப்பு, ஆராதனை என்று வரிசைப்படுத்துகிறோம். அந்த வரிசையில் அடிக்கடி விடுபட்டுப்போகிற ஒரு வேலையைப் பற்றித்தான் இன்று பேச வந்தேன்: நாம் நோகடித்தவரிடம் போய் மன்னிப்புக் கேட்பது.

மத்தேயு 5-ஆம் அதிகாரம், 23, 24-ஆம் வசனங்கள். காணிக்கையோடு பலிபீடத்தண்டை வந்து நிற்கிறாய். உன்மேல் உன் சகோதரனுக்குக் குறை உண்டென்று நினைவுக்கு வருகிறது. காணிக்கையை அங்கேயே வைத்துவிட்டுப் போ, முதலில் ஒப்புரவாகு, அதாவது அவனோடு சமாதானமாகு, பிறகு வா என்கிறார் இயேசு. கவனியுங்கள், உனக்கு அவன்மேல் குறை என்று சொல்லவில்லை. அவனுக்கு உன்மேல் குறை. நாம் பெரும்பாலும் இதைத் திருப்பிப் போட்டுப் படித்துவிடுகிறோம்.

இதை அவர் சொன்னது கலிலேயாவில். பலிபீடம் இருந்ததோ எருசலேமில். இடையே நூறு கிலோமீட்டருக்கும் மேல். கால்நடையாக மூன்று நாலு நாள். அவ்வளவு தூரம் வந்து, தன் முறைக்குக் காத்திருந்து, பலிபீடம் கண்ணுக்குத் தெரிகிற நேரத்தில், கொண்டுவந்த ஆட்டை விட்டுவிட்டுத் திரும்ப வேண்டும். ஊருக்குப் போய், பேசி, மறுபடி நடந்து வர வேண்டும். ஒரு வாரம் போய்விடும். அன்று கேட்டவர்களுக்கு அந்தத் தூரம் காலில் தெரியும். நமக்குப் பல நேரம் அடுத்த அறை வரைக்கும்தான் தூரம்.

சரி, போய் என்ன சொல்வது? செய்தது இன்னது என்று சொல்லுங்கள். "ஏதாவது தவறு செய்திருந்தால் மன்னித்துக்கொள்" என்பது மன்னிப்புக் கேட்பதே அல்ல. அந்த 'இருந்தால்' தவறையே சந்தேகமாக்கிவிடுகிறது. "நேற்று எல்லார் முன்னாலும் உன்னைப் பொய்யன் என்றேன். அது தவறு. என்னை மன்னித்துவிடு." இந்த மூன்று வாக்கியம் போதும். நான்காவதாக ஓர் 'ஆனால்' நாக்கு நுனியில் வந்து நிற்கும். விழுங்கிவிடுங்கள். "ஆனால் நீயும்தான்" என்று தொடங்கினால் முதல் மூன்றும் போச்சு; எதிரில் இருப்பவர் காதில் அது ஒன்றுதான் நிற்கும். எல்லார் முன்னாலும் சொன்னதை எல்லார் முன்னாலும்தான் திருத்த வேண்டும். தனியே கேட்கிற மன்னிப்பால் அவர் இழந்த பெயர் திரும்பி வராது.

செல்போனில் ஒரு செய்தி அனுப்பினால் போதாதா என்று தோன்றும். 'போய்' என்றுதான் வசனம் சொல்கிறது. முகம் பார்க்க வழியே இல்லையென்றால் குரலாவது கேட்கட்டும்.

பணமோ பொருளோ என்றால் வாய் வார்த்தை போதாது. லேவியராகமம் 6-ஆம் அதிகாரம் கணக்கே சொல்கிறது: எடுத்ததை முழுதாகக் கொடுத்து, அதோடு ஐந்தில் ஒரு பங்கு கூட்டிக் கொடு. நூறு எடுத்தவன் நூற்றிருபது. வரி வசூலித்த சகேயு, ஏமாற்றி வாங்கியதை நாலத்தனையாக, அதாவது நாலு மடங்காக, தருகிறேன் என்று இயேசுவிடம் சொன்னான். லேவியராகமத்திலும் உரியவனுக்குச் சேர வேண்டியது முதலில், பலி அதற்குப் பிறகுதான் வருகிறது.

மன்னிக்க வேண்டியவரின் பக்கத்தையும் விரிவாகப் பேச நினைத்திருந்தேன்; நேரம் நெருங்கிவிட்டது. இரண்டே வார்த்தை. கேட்டவுடன் மன்னிப்புக் கிடைத்தாக வேண்டும் என்று நெருக்காதீர்கள். வசனத்தைக் காட்டி நெருக்குவது இன்னும் கொடுமை. அடிபட்டு வாழ்கிறவரிடம், மன்னித்துத் திரும்பிப் போ என்று யாரும் சொல்ல வேண்டாம். மன்னிப்பது வேறு, அடிக்கிற கைக்குள் மறுபடி போய் நிற்பது வேறு. எல்லாரோடும் சமாதானமாயிருங்கள் என்று எழுதும்போது, ரோமர் 12:18-ல் பவுல் 'கூடுமானால்' என்றுதான் தொடங்குகிறார். நன்றி, வணக்கம்.