மாட்டுக்குப் பொங்கல், நாய்க்கு ஊசி

(இராஜபாளையத்தில் காலை நடை நண்பர்கள் கூடிய புத்தாண்டுக் கூட்டத்தில், ஓய்வுபெற்ற கால்நடை மருத்துவர் ஒருவர் ஆற்றிய உரை)

அவைத் தலைவர் அவர்களே, இந்த மார்கழிக் குளிரில் ஆறரை மணிக்கே வந்து முன்வரிசையில் அமர்ந்திருக்கும் நகர்மன்றத் தலைவர் அவர்களே, எங்கள் வார்டு உறுப்பினர் அவர்களே, இரவுப் பணி முடிந்து வீட்டுக்குக்கூடப் போகாமல் நேரே இங்கு வந்திருக்கும் அரசு மருத்துவமனை டாக்டர் அம்மா அவர்களே, மைக் செட்டை இலவசமாகத் தந்துவிட்டு, "ஐயா நீட்டினா ஒயரப் பிடுங்கிருவேன்" என்று அன்போடு எச்சரித்திருக்கும் பந்தல்காரத் தம்பி அவர்களே, சால்வைகளுக்குப் பதில் துண்டு போர்த்தச் சொன்ன செயலாளர் அவர்களே, நடை நண்பர்களே, அவர்களை நடக்க வைத்த தாய்மார்களே, எல்லாருக்கும் புத்தாண்டு வணக்கம்.

நகர்மன்றத் தலைவரைப் பற்றி இரண்டு வார்த்தை சொல்லாமல் மேலே போவது முறையாகாது. இந்தப் பூங்காவில் விளக்கு கேட்டோம், வந்தது. கழிப்பறை கேட்டோம், வருகிறது என்றார்கள். இன்று நான் மூன்றாவதாக ஒன்று கேட்கப் போகிறேன். அதனால்தான் இந்த மாலை கொஞ்சம் பெரிதாக இருக்கிறது.

அழைப்பிதழில் உடல்நலம், வளர்ப்புப் பிராணி, கொடை என்று எனக்கு மூன்று தலைப்பு போட்டிருக்கிறார்கள். மூன்றையும் முறையாகப் பிரித்துக்கொண்டு பேசுகிறேன்.

முதலில் உடம்பு. 2023-இல் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆய்வு வெளிவந்தது. நாட்டில் 10 கோடிப் பேருக்கு மேல் சர்க்கரை நோய் என்றது. தமிழ்நாட்டில் நூற்றுக்கு 14.4 பேர். இந்தப் பந்தலில் கணக்கெடுத்தால் அதையும் தாண்டும் என்று டாக்டர் அம்மா தலையாட்டுகிறார். வாரத்துக்கு 150 நிமிட வேக நடை என்கிறது உலக சுகாதார நிறுவனம். நாமும் நடக்கிறோம். நடந்து முடித்து வாசல் கடையில் உளுந்த வடையும் சீனி தூக்கலாக டீயும் சாப்பிட்டு, எரித்ததை வட்டியோடு வசூல் பண்ணிவிடுகிறோம். எங்கள் அப்பத்தா எதற்கெடுத்தாலும் ஒரே பழமொழிதான் சொல்லும்: "கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரமா?" கால் விரலில் புண் வந்தபின் கேப்பைக் களிக்கு மாறுகிறவர்களைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அப்பத்தா குரல் கேட்கிறது. உணவுமுறை பற்றி நாலு குறிப்பு எழுதி வந்திருக்கிறேன். டாக்டர் அம்மாவைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு நான் அதைப் பேசுவது மரியாதையில்லை. அவரே சொல்வார்.

அடுத்தது பிராணி. நம் ஊர் நாய்க்குப் பெயர் போன ஊர். 2005-இல் அஞ்சல் துறை நான்கு நாட்டு நாயினங்களுக்குத் தபால் தலை போட்டபோது நம் வெள்ளை நாயும் அதில் ஒன்று. ஆனால் இப்போது வீட்டுக்கு வீடு லேப்ரடார். அதில் ஒரு கதை உண்டு. பலருக்குத் தெரிந்த ஆள் என்பதால் பெயர் வேண்டாம். தலைமையாசிரியராக இருந்தவர் என்பதோடு விடுகிறேன்.

சார் ஒருநாள் ஆட்டோவில் நாயோடு வந்து இறங்கினார். இறங்கினார் என்றால், அவர் ஒரு பக்கம் இறங்க, நாயை மறுபக்கம் நாலு பேர் இறக்கினார்கள். எடை மேடையில் ஏற்றினால் 52 கிலோ. "என்ன சார் போடுறீங்க?" என்றேன். "டயட் சாப்பாடுதான் டாக்டர். தயிர் சாதம் மட்டும்." நாய் என்னைப் பார்த்தது. அந்தப் பார்வையில் தயிர் சாதம் தெரியவில்லை. கூட வந்த பேரன் போட்டுக் கொடுத்தான்: "தாத்தா சாயந்தரம் கடைக்குக் கூட்டிட்டுப் போவாரு டாக்டர். அவருக்கு ரெண்டு பன் பட்டர் ஜாம், அதுக்கு ரெண்டு. வீட்ல ஆச்சிகிட்ட நாலையும் நாய்தான் தின்னுச்சுன்னு சொல்லிருவாரு."

சாருக்கு சர்க்கரை உண்டு என்று எனக்குத் தெரியும். சீட்டை எடுத்து எழுதினேன். இனிப்பு கூடாது. எண்ணெய்ப் பலகாரம் கூடாது. காலையும் மாலையும் முக்கால் மணி நேரம் நடை. "பையன் கூட்டிட்டுப் போலாமா?" என்றார். "கூடாது சார். இந்த இனம் எஜமானர் கூடப் போனால்தான் இளைக்கும்" என்றேன். வைத்திய நூல் எதிலும் இல்லாத விதிதான். சார் வாழ்நாளெல்லாம் பிள்ளைகளுக்கு விதிமுறை சொன்னவர், எழுதிக் கொடுத்த விதியை மீறுவாரா? மீறவில்லை. நாலு மாதத்தில் நாய் 41 கிலோ. மதுரையில் அவருடைய சர்க்கரை டாக்டர் ரிப்போர்ட்டைப் பார்த்துவிட்டு, "யார்கிட்ட காட்டுறீங்க? மருந்து ரொம்ப நல்லா வேலை செய்யுதே" என்றாராம். சார் நெஞ்சை நிமிர்த்திச் சொன்னாராம்: "எங்க ஊரு மாட்டாஸ்பத்திரி டாக்டர்!"

சிரித்தது போதும், தம்பி ஒயரில் கை வைக்கிறார். கதையில் இன்னும் பாதி இருக்கிறது. அப்படி நடந்த ஒருநாள் தெரு நாய் ஒன்று சாருடைய நாயைத் தொடையில் கடித்துவிட்டது. தூக்கிக்கொண்டு வந்தார். "தடுப்பூசி அட்டை இருக்கா?" என்றேன். இருந்தது. லேமினேஷன் போட்டு, கோப்பில் கோத்து, மேலே நாயின் பெயர் முத்து முத்தான எழுத்தில். உள்ளே பார்த்தால் கடைசி வெறிநோய் ஊசி போட்டு இரண்டு வருஷம் தாண்டியிருந்தது. கண் கெட்ட பிறகுதான். நாய் பிழைத்தது. ஆனால் வரிசையாக ஊசி போட்டு, தனியே கட்டிவைத்து, அந்த வீடு பட்ட பாடு சொல்லி முடியாது.

என் பேச்சு எங்கே வந்து நிற்கிறது என்று முன்வரிசை புன்னகைக்கிறது. ஆமாம், இதைத்தான் நான் ஊர் ஊராகப் பேசிக்கொண்டிருக்கிறேன். மனிதருக்கு வரும் வெறிநோயில் 99 சதவீதம் வரை நாய்கள் மூலம் வருவது. இறப்பவர்களில் சுமார் 40 சதவீதம் 15 வயதுக்கு உட்பட்ட பிள்ளைகள். மார்கழியில் தெருவுக்குத் தெரு குட்டிகள் கிடக்கும். முதலில் தூக்குவது யார்? பிள்ளைகள்தான். கீறினாலும், புண்ணில் நக்கினாலும் வீட்டில் சொல்ல மாட்டார்கள், அடி விழும். சொன்ன பிள்ளையை அடிக்காதீர்கள். காயத்தைச் சோப்புப் போட்டு, ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவுங்கள். சுண்ணாம்பு, மிளகாய்த்தூள், காப்பித்தூள் எதுவும் வேண்டாம். நேரே அரசு மருத்துவமனை. தொப்புளைச் சுற்றிப் பதினாலு ஊசி என்று இன்னும் பயப்படுகிறார்கள். அந்தப் பழைய மருந்தைத் தயாரிப்பதையே 2004-ஓடு நம் நாட்டில் நிறுத்தியாயிற்று. இப்போது கையில்தான் போடுகிறார்கள், சில தவணைதான். நோய் தலைகாட்டிவிட்டால் எந்த ஆஸ்பத்திரியும் அநேகமாகக் காப்பாற்ற முடியாது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். வெறிநோய் என்றால் நாய் துரத்தித் துரத்திக் கடிக்கும் என்று நினைக்கிறோம். சில நாய் மூலையில் பேசாமல் படுத்திருக்கும். தாடை தொங்கும், எச்சில் வடியும், குரல் மாறிவிடும். "தொண்டையில எலும்பு சிக்கிருச்சு டாக்டர், கைய விட்டுப் பாத்தேன், கிடைக்கல" என்று முழங்கை வரை எச்சிலோடு வந்து நின்றவர்களை நான் பார்த்திருக்கிறேன். நாய்க்கு அல்ல, அவர்களுக்குத்தான் முதலில் ஆஸ்பத்திரிக்கு ஆட்டோ பிடித்தேன்.

பொங்கல் வருகிறது, அதனால் இடையில் ஒரு வார்த்தை. சர்க்கரைப் பொங்கலில் போடும் உலர் திராட்சை நாயின் சிறுநீரகத்தைக் கெடுக்கும். பாசத்தில் ஊட்டாதீர்கள்.

மூன்றாவது தலைப்பு கொடை. குன்னூர் பாஸ்டர் நிலையம் 1907-இல் தொடங்கியது. அதற்குச் சில ஆண்டுகள் முன்பு தெற்கே வெறிநோய்க்கு மருந்து கிடைக்க வழியில்லாமல் ஓர் இளம்பெண் இறந்துபோனார். மருத்துவம் வேண்டுமானால் இமயமலை அடிவாரத்துக் கசௌலிக்குப் போக வேண்டிய காலம். ஹென்றி ஃபிப்ஸ் என்ற அமெரிக்கச் செல்வந்தர் கொடுத்த நன்கொடை குன்னூர் நிலையம் எழுவதற்கு உதவியது. அவர் யார், நாம் யார்? அன்னதானம், கோயில் கொடை எல்லாம் செய்கிற ஊர் இது. அதில் குறை சொல்ல நான் யார். ஆனால் நாய்த் தடுப்பூசிக் குப்பி ஒன்றில் பத்து மில்லி மருந்து. நாய் ஒன்றுக்கு ஒரு மில்லி. ஒரு நாய்க்கு ஆகும் மருந்துச் செலவு ஓட்டலில் ஒரு தட்டு இட்லி விலைதான். ஊரிலுள்ள நாய்களில் நூற்றுக்கு எழுபதுக்குப் போட்டுவிட்டால் நோய்ச் சங்கிலி அறுந்துபோகும். தெரு நாய்களை ஒழித்துக்கட்டு என்று ஒரு கட்சி, தொடாதே என்று ஒரு கட்சி, இரண்டும் டீக்கடையில் சண்டை போடுகின்றன. ஊசி போட இரண்டு கட்சியிலும் ஆள் வருவதில்லை. தினமும் பிஸ்கட் போடுகிற அன்பர்களுக்குச் சொல்கிறேன், உங்கள் கைக்குத்தான் அந்த நாய் வரும். நீங்கள் பிடித்துக் கொடுத்தால் பாதி வேலை முடிந்தது.

மாட்டுப் பொங்கலன்று கொம்புக்கு வர்ணம் பூசுகிறோம். இந்தத் தையில் ஊசி போட்ட நாய்க்கும் முதுகில் ஒரு வர்ணக் கோடு போடுவோம், எது பாக்கி என்று தெரியட்டும். தை மாதக் கடைசி ஞாயிறு, காலை ஆறு மணி, இந்தப் பூங்கா வாசல். நகர்மன்றத் தலைவரிடம் நான் கேட்கும் மூன்றாவது இதுதான்: பயிற்சி பெற்ற நாய் பிடிப்பவர்களும் ஒரு வண்டியும். தலையாட்டிவிட்டார், எல்லாரும் பார்த்துக்கொள்ளுங்கள். மருந்தைக் குளிர்ப்பெட்டியில் இரண்டிலிருந்து எட்டு டிகிரிக்குள் வைக்க வேண்டும். ஐஸ் தருவதாக மீன் கடைத் தம்பி சொல்லியிருக்கிறார். வலை பிடிக்க வரும் இளைஞர்கள் முதலில் தாங்கள் முன்தடுப்பு ஊசி போட்டுக்கொள்ள வேண்டும். இன்றைக்குத் தொடங்கினால்தான் மூன்று தவணையும் அதற்குள் முடியும். டாக்டர் அம்மா ஏற்பாடு செய்கிறேன் என்கிறார்.

செயலாளர் கையில் நோட்டு இருக்கிறது. பணம் தருபவர்கள் இடப்பக்கம், வலை பிடிப்பவர்கள் வலப்பக்கம். வெண்பொங்கல் இறக்கியாயிற்று என்று சமையல்காரர் கரண்டியைக் காட்டுகிறார். இலை போடுமுன் பெயரை எழுதிவிட்டு வாருங்கள். வணக்கம்.