பாப் இசையை வீட்டுக்குள் அழைத்து வந்தது டிவி மேடையே!

நடுவர் அவர்களே, அவையோரே, வணக்கம்.

அமெரிக்க பாப் இசையை வளர்த்தது ரேடியோவும் இசைத்தட்டும்தான், டிவி பல்சுவை நிகழ்ச்சிகள் கடைசியில் வந்து பெயரைத் தட்டிக்கொண்டு போயின என்றார் எதிரணித் தலைவர். அதற்கு அவர் சொன்ன சான்றும் வலுவானதுதான். 1964 பிப்ரவரி 9 அன்று, எட் சல்லிவன் நடத்திய டிவி பல்சுவை நிகழ்ச்சியில் பீட்டில்ஸ் என்ற இங்கிலாந்து இசைக்குழு மேடை ஏறும் முன்பே அவர்கள் பாட்டு அங்கே முதலிடத்தில் இருந்தது. மறுக்கவில்லை.

ஆனால் ரேடியோவில் அந்தப் பாட்டுக்காகத் தவம் கிடந்தது யார்? இளவட்டங்கள். ஞாயிறு இரவு எட்டு மணிக்கு சல்லிவனைப் பார்த்தது யார்? வீடே பார்த்தது ஐயா! அன்று அதே மேடையில் ஒருவர் மேஜிக் செய்தார், பிராட்வே நாடகக் குழு பாடியது. அதையெல்லாம் பார்க்க உட்கார்ந்த பெரியவர்கள் கண்ணிலும் பீட்டில்ஸ் பட்டார்கள். சுமார் 7 கோடியே 30 லட்சம் பேர்! கேமரா ஒவ்வொரு முகத்தையும் கிட்டத்தில் காட்ட, திரையில் பெயர் வந்தது. குழுவில் ஒருவரான ஜான் லெனன் பெயரோடு, 'மன்னிக்கணும் பெண்களே, இவருக்குக் கல்யாணம் ஆகிவிட்டது' என்று ஒரு வரி. அதுவரை வெறும் குரலாக இருந்தவர்கள் அந்த நொடியில் பக்கத்து வீட்டுப் பையன்கள் ஆகிவிட்டார்கள். பின்னாளில் புகழ்பெற்ற பாடகர்களான டாம் பெட்டியும் பில்லி ஜோயலும் தங்களை இசைப் பக்கம் திருப்பியது அந்த இரவுதான் என்று பின்னாளில் சொன்னார்கள்.

பாடகர் எல்விஸ் பிரெஸ்லியின் இடுப்பாட்டம் ஆபாசம் என்று பலர் கொதித்ததால், அவரை இடுப்புக்கு மேலே மட்டும் காட்டிய மேடைதானே இது என்று கேட்டார்கள். 1957 ஜனவரியில் நடந்தது. அதை நான் நியாயப்படுத்தவில்லை. ஆனால் அதே இரவில்தான் சல்லிவன் எல்விஸைப் பக்கத்தில் நிறுத்தி, இவர் கண்ணியமான நல்ல பையன் என்று நாட்டுக்கே சொன்னார். மிரண்டு போயிருந்த பெற்றோர்கள் காதில் அது விழுந்ததா இல்லையா?

எனக்கு இவை எல்லாவற்றையும்விடப் பெரிது சுப்ரீம்ஸ் பாடகிகள் குழு. இனப் பாகுபாட்டைத் தடை செய்த சிவில் உரிமைச் சட்டம் வந்த அதே 1964இன் டிசம்பரில், மூன்று கறுப்பினப் பெண்கள் சல்லிவன் மேடையில் நின்று வெள்ளையர் வீட்டுக் கூடங்களுக்குள் பாடினார்கள். ரேடியோவில் குரலைக் கேட்டவர்கள் இங்கே முகத்தைப் பார்த்தார்கள், அந்தக் கம்பீரத்தைப் பார்த்தார்கள். அவர்களுடைய இசைத்தட்டு நிறுவனமான மோட்டவுன் நடை, உடை, பேச்சு பழக்க மேக்சின் பவலை வைத்திருந்தது. கையசைவும் கால் அடவும் சொல்லித்தர சோலி அட்கின்ஸ் இருந்தார். பாட்டு காதுக்கு மட்டும்தான் என்றால் இத்தனை பயிற்சி யார் பார்ப்பதற்கு? எதிரணியில் அடுத்துப் பேச வருபவர் இதற்குப் பதில் சொல்லட்டும்.