கேட்காமல் கொடுத்த மருந்து

நேயர்களுக்கு வணக்கம்.

1953 ஏப்ரல் 10. அமெரிக்க உளவு அமைப்பான சிஐஏ-வின் தலைவர் ஆலன் டல்லஸ், பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தின் பழைய மாணவர்கள் முன்னால் பேசுகிறார். கொரியப் போரில் பிடிபட்ட அமெரிக்க வீரர்கள் சிலர், சொந்த நாட்டின் மீதே குற்றம் சுமத்தி வாக்குமூலம் கொடுத்துக்கொண்டிருந்த நேரம் அது. மனித மூளையை வளைக்கும் வித்தை கம்யூனிஸ்டுகளுக்குக் கைவந்துவிட்டது என்று வாஷிங்டனில் பெரிய பயம். டல்லஸ் அதைப் பற்றித்தான் பேசினார். இப்படிப்பட்ட முறைகளைச் சோதித்துப் பார்க்க மேலை நாடுகளிடம் ஆட்கள் கிடையாது என்றும் அந்தப் பேச்சில் சொன்னார். மூன்று நாள் கழித்து, ஏப்ரல் 13 அன்று, அதே டல்லஸ், மனித மனதைக் கட்டுப்படுத்த வழி தேடும் எம்.கே.அல்ட்ரா என்ற ரகசியத் திட்டத்துக்கு ஒப்புதல் கொடுத்தார்.

ஆட்கள் கிடைத்தார்கள். எங்கே கிடைத்தார்கள் என்பதுதான் இன்று நான் சொல்ல வந்தது.

இந்தத் திட்டத்தைப் பற்றிப் பேச்சு வந்தாலே, மனதைக் கட்டுப்படுத்தும் மருந்து கிடைத்ததா என்றுதான் எல்லோரும் கேட்கிறார்கள். கிடைக்கவில்லை. திட்டத்தை நடத்திய வேதியியலாளர் சிட்னி காட்லீப்பே கடைசியில் அதை ஒப்புக்கொண்டார். எனக்கு அதைவிடப் பெரிய கேள்வி, யார் மேல் கை வைத்தார்கள் என்பது.

கென்டக்கி மாநிலத்தில் லெக்ஸிங்டன் என்ற ஊர். போதைப் பழக்கத்துக்கு ஆளான கைதிகளுக்கு அங்கே மத்திய அரசு மருத்துவமனை ஒன்று இருந்தது. அங்கிருந்த சிலருக்கு, இல்லாததை எல்லாம் கண்ணுக்குக் காட்டும் எல்.எஸ்.டி. என்ற மருந்தை 77 நாள் விடாமல் கொடுத்தார்கள். பெரும்பாலும் கறுப்பின ஆண்கள். சோதனைக்கு உடன்பட்டதற்கு அவர்களுக்குக் கிடைத்த கூலி என்ன தெரியுமா? எந்தப் போதை மருந்திலிருந்து மீள்வதற்காக அங்கே வைக்கப்பட்டிருந்தார்களோ, அதே மருந்து. சான் பிரான்சிஸ்கோவில் பாலியல் தொழிலாளிகளை வைத்து ஆண்களை ஒரு வீட்டுக்கு வரவழைத்து, அவர்களுக்குத் தெரியாமல் பானத்தில் எல்.எஸ்.டி. கலந்து கொடுத்தார்கள். போதைத் தடுப்புத் துறை அதிகாரி ஒருவர் கண்ணாடிக்குப் பின்னால் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். கைதி சொன்னால் யார் நம்புவார்கள்? அந்த வீட்டுக்குப் போய்வந்தவர் எந்தக் காவல் நிலையத்தில் போய்ப் புகார் கொடுப்பார்? வாயைத் திறக்க முடியாதவர்களாகப் பார்த்துத்தான் பொறுக்கியிருக்கிறார்கள். சிஐஏ-வின் சொந்த உள்ளாய்வு அறிக்கையே 1957-இல் எழுதியது: இந்த வேலைகளை எதிரிகளிடமிருந்து மட்டும் மறைத்தால் போதாது, அமெரிக்க மக்களிடமிருந்தும் மறைக்க வேண்டும்.

அப்புறம் கனடா. மான்ட்ரியல் நகரில், மலைச்சரிவில் இருந்த ஒரு பழைய மாளிகையில் ஆலன் நினைவு மனநலக் கழகம் இயங்கியது. மெக்கில் பல்கலைக்கழகத்தோடு சேர்ந்த நிறுவனம். அதன் தலைவர் யூவன் கேமரன், அமெரிக்க மனநல மருத்துவர் சங்கத்துக்கே தலைவராக இருந்தவர். அவ்வளவு பெரிய டாக்டர் என்றால் குடும்பங்கள் நம்பித்தானே அனுப்பும்? மனச்சோர்வு, பதற்றம், பிரசவத்துக்குப் பின் வரும் மனவாட்டம் என்று சாதாரணக் காரணங்களுக்காக வந்தவர்கள் பலர்.

கேமரனின் எண்ணம் இது: மனதில் பதிந்திருக்கும் பழைய வார்ப்பை முதலில் அழித்துவிட வேண்டும், பிறகு புதிதாக எழுத வேண்டும். அழிப்பதற்கு மருந்து கொடுத்து வாரக்கணக்கில் தூங்க வைத்தார். வழக்கத்தைவிடப் பல மடங்கு கடுமையாக, திரும்பத் திரும்ப மின்னதிர்ச்சி கொடுத்தார். எழுதுவதற்கு டேப் ரிக்கார்டர். ஒரே வாக்கியம், தலையணைக்கு அடியிலிருந்தோ காதில் மாட்டிய ஒலிபெருக்கியிலிருந்தோ, நாள் முழுக்க, வாரக்கணக்கில், லட்சக்கணக்கான தடவை ஓடும். வெளியே வந்தவர்களில் சிலருக்குப் பெற்ற பிள்ளையை அடையாளம் தெரியவில்லை. சிலர் கழிப்பறைப் பழக்கத்தையே மறந்து, குழந்தை மாதிரி மறுபடி கற்றுக்கொள்ள வேண்டியிருந்தது.

1957-இலிருந்து சில ஆண்டுகள், மனித சூழலியல் ஆய்வு என்ற பெயரில் இருந்த ஒரு போலிச் சங்கத்தின் வழியாக, இந்த வேலைக்கு சிஐஏ பணம் போனது. ஒன்றை நேர்மையாகச் சொல்ல வேண்டும். அந்தப் பணம் வரும் முன்பே கேமரன் இதைத் தொடங்கிவிட்டார். கனடா அரசு அவருக்குக் கொடுத்தது அதைவிடப் பெரிய தொகை. பழியை ஒரே ஒரு உளவு அமைப்பின் தலையில் கட்டிவிட்டு மற்றவர்கள் நகர்ந்துவிட முடியாது.

இதே கேமரன் 1945-இல் நியூரம்பர்க் போய், நாஜித் தலைவர் ருடால்ஃப் ஹெஸ்ஸின் மனநிலையைப் பரிசோதித்தவர். அதே ஊரில் 1947-இல், நாஜி மருத்துவர்களைத் தண்டித்த அமெரிக்க நீதிபதிகள், மனிதன் மேல் சோதனை என்றால் அவன் மனமுவந்த சம்மதம் கட்டாயம் என்று விதி எழுதினார்கள். அந்த விதியின் மை காய்வதற்குள் இத்தனையும் நடந்திருக்கிறது.

1973-இல், பதவியிலிருந்து போகும் சமயத்தில், சிஐஏ தலைவர் ரிச்சர்ட் ஹெல்ம்ஸ் எம்.கே.அல்ட்ரா கோப்புகளை அழிக்க உத்தரவிட்டார். அழித்தார்கள். ஆனால் பணக் கணக்குக் காகிதங்கள் வேறொரு ஆவணக் கிடங்கில் இருந்ததால் தப்பின. தகவல் அறியும் சட்டத்தின்கீழ் வந்த ஒரு மனுவுக்காக 1977-இல் தேடியபோது ஏறத்தாழ 20,000 பக்கங்கள் வெளியே வந்தன. யாருக்கு எவ்வளவு போனது என்ற பில், ரசீது, காசோலை விவரங்கள். அந்த ஆகஸ்டில் செனட் சபை விசாரணையில், 149 துணைத் திட்டங்கள், 80 நிறுவனங்கள் என்று சிஐஏ தலைவரே கணக்குச் சொன்னார். அந்த 80-இல் 44 கல்லூரிகளும் பல்கலைக்கழகங்களும், 12 மருத்துவமனைகள், 3 சிறைகள். யாருக்கு எவ்வளவு மருந்து கொடுத்தார்கள், அந்த மனிதர்கள் பிறகு என்ன ஆனார்கள் என்ற பக்கங்கள் மட்டும் இல்லை. செலவான டாலருக்குக் கணக்கு மிஞ்சியது, ஆளுக்கு மிஞ்சவில்லை.

வெல்மா ஆர்லிகோ பிரசவத்துக்குப் பின் வந்த மனச்சோர்வுக்காக கேமரனிடம் போனவர். அவர் கணவர் டேவிட் கனடா நாடாளுமன்ற உறுப்பினர். தன் மனைவி எதற்கு ஆளானார் என்பது, 1977-இல் வெளியான பத்திரிகைச் செய்தியைப் பார்த்துத்தான் அவருக்கே தெரியவந்தது. நாடாளுமன்ற உறுப்பினர் வீட்டுக்கே அந்த நிலை. வெல்மா உட்பட ஒன்பது பேர் சிஐஏ மீது வழக்குப் போட்டார்கள். 1988-இல் 7,50,000 டாலருக்குச் சமரசமாக முடிந்தது. பழைய ஆய்வாளர்களின் பெயர்களை சிஐஏ வெளியிட வேண்டியதில்லை என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1985-இலேயே சொல்லிவிட்டிருந்தது.

கனடா அரசு 1992-இல் 77 பேருக்குத் தலா 1,00,000 டாலர் கொடுத்தது. மனிதாபிமான உதவி என்ற பெயரில்தான், சட்டப் பொறுப்பு எதையும் ஏற்காமல். அதைப் பெறுவதற்கு ஒரு நிபந்தனை இருந்தது. கேமரனின் சிகிச்சையால் குழந்தை நிலைக்குத் தள்ளப்பட்டவர் என்று நிரூபிக்க வேண்டும். அந்த அளவுக்குச் சேதமாகவில்லை என்று சொல்லி பலருடைய விண்ணப்பத்தைத் திருப்பி அனுப்பினார்கள். நினைவைப் பறிகொடுத்தவரிடமே, பறிகொடுத்ததற்கு ஆதாரம் கொண்டுவா என்று கேட்டது எனக்கு இன்றுவரை ஆறாத கோபம். அப்படித் திருப்பி அனுப்பப்பட்ட ஒரு பெண்மணி விடாமல் போராடி 2004-இல் நீதிமன்றத்தில் வென்றார். மற்றவர்களின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் மான்ட்ரியலில் இன்னும் கூடுகிறார்கள். இழப்பீட்டோடு அவர்கள் கேட்பது, அரசின் வாயால் ஒரு மன்னிப்பு.

நன்றி, வணக்கம்.